முப்பத்தெட்டு வீட்டு வெயில்

அக்னி நட்சத்திரம் பிறந்து நாலாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நாலே காலுக்கு, வேலூர் பழைய கிடங்குத் தெருவின் பதினேழாம் எண் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் தெருவின் வெயிலைக் குடிக்க ஆரம்பித்தது. அது ஒன்றும் பெரிய கம்ப்யூட்டர் அல்ல. மிக்ஸி வாங்கினால் வரும் அட்டைப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது, கறுப்பு நிறம், முன்பக்கம் முழுக்கச் சல்லடை போலப் பொடித்துளைகள். ஆனால் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும் அத்தனையும் அதற்குள்ளும் இருந்தன, மூச்சு விட இடமில்லாமல், ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்துகொண்டு.

பெட்டிக்குச் சொந்தக்காரி ஹெப்சிபா. வயது இருபத்தொன்பது. காலை ஏழிலிருந்து இரண்டரை வரை ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிப்பாள். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, நாலு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாளானால், குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் அரக்கோணத்திலும் ராணிப்பேட்டையிலுமாக நாலு பெண்கள் அவள் குரலுக்காகக் காத்திருப்பார்கள். ஐந்து பேரும் சேர்ந்து ஓர் அணி, பெயர் அகழி, ஆடுவது துப்பாக்கி ஆட்டம், ஹெப்சிபா கேப்டன். அவள் புருஷன் ஜெபசிங் லாரியோடு வடக்கே போய் மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பவன். பெங்களூரில் பழசாக வாங்கிய பெட்டியைக் கைலியில் சுற்றி, லாரி கேபினில் தன் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். வீட்டில் மற்றபடி மாமியார் ரோஸ்லின் மட்டும். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவள். மருமகள் ஆட்டத்தில் இருக்கும்போது யார் வந்தாலும் வாசலிலேயே நின்று, "ஹெப்சி சண்டையில இருக்குது, அப்பால வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தெருவில் முதலில் விஷயம் தெரிந்தது இஸ்திரி வண்டிக்காரர் முனிரத்தினத்துக்கு. அவர் கரி போட்டு ஊதிச் சிவக்க வைத்த இஸ்திரிப்பெட்டி, ஒரு சட்டையின் இடது கைக்கும் வலது கைக்கும் இடையில் ஆறிப்போனது. மறுபடி கரி போட்டார், மறுபடி ஆறியது. நிமிர்ந்து பார்த்தால் தெரு முழுக்க வெயில் இருக்கிறது, மஞ்சளாக, அசையாமல், கண்ணைக் கூசவைத்துக்கொண்டு. ஆனால் அதில் சூடு இல்லை. சாக்கடைக்குள் கிடந்த நாய்கள் நடுத்தெருவுக்கு வந்து கால்களை நீட்டிப் படுத்தன. மளிகைக் கடையில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்தது. தண்ணீர்க் குழாயிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும், முப்பத்தெட்டு வீட்டுக்கும், கார்த்திகை மாதத்துக் காலை போல ஒரு குளிர்ச்சி இறங்கியது. குழாயைத் தாண்டி ஒரு காலை வைத்தால் அந்தக் கால் மட்டும் சுட்டது.

எதிர் வீட்டுக் கோமளாவின் குழந்தை, ஏழாம் மாதத்திலேயே பிறந்து நாற்பது நாளாக உடம்பெல்லாம் வேர்க்குருவோடு ஓயாமல் அழுதுகொண்டிருந்தது, அன்றைக்குத்தான் முதல்முறையாக மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியது. பயந்துபோன கோமளா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். ஏழே காலுக்கு ஹெப்சிபா ஆட்டத்தை முடித்துப் பெட்டியை அணைத்தாள். அதே நிமிடம் தெருவில் சூடு திரும்பி வந்தது, குழந்தை வீரிட்டது, எண்ணெய் உருகியது.

இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரும் வாயைப் பிளக்கவில்லை, பத்திரிகைக்குச் சொல்லவில்லை. மே மாதத்தில் வேலூரில் குளிர்ச்சி கிடைத்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதைவிட எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்பதே புத்திசாலித்தனம் என்று அந்தத் தெருவுக்குத் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிய ஹெப்சிபாவிடம் பூக்காரம்மா கேட்ட கேள்வியும் அதுதான்:

"ஏம்மா, இன்னிக்கு எத்தினி மணிக்கு ஆடுவே? நாலுன்னா நாலுதானே? மல்லியை அதுவரைக்கும் ஈரத்துணியில போட்டு வெச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு தெரு தன் நாளையே மாற்றி அமைத்துக்கொண்டது. நாலு மணிக்குக் கட்டில்கள் வெளியே வந்தன. டியூஷன் டீச்சர் தன் வகுப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். பூக்காரம்மா அங்கேயே உட்கார்ந்து கட்டினாள், பூ மறுநாள் வரை வாடவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தவர்கள்கூடத் தங்கள் பிரஷர்க்காரப் பெரியவர்களை நாற்காலியோடு தூக்கி வந்து குழாய்க்கு இந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். நேற்றுவரை, கல்யாணமான பொண்ணு இப்படிக் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து துப்பாக்கி சுடுதே என்று முகவாயில் கை வைத்த பெண்கள், இப்போது அவள் கை கழுவ எழுந்தால்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

"எங்கம்மா எழுந்துட்டே? உக்காரு, உக்காந்து ஆடு. குடிக்க என்னா வேணும்? நான் கொண்டாரேன்."

மோர் வந்தது, சுண்டல் வந்தது, ஒரு நாள் கீரை வடை வந்தது. ரோஸ்லின் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, "என் மருமவ வெறும் கையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கலேன்னு இப்பத்தான் தெரியுதா?" என்று கேட்டு அனுப்பினாள்.

ஒரே ஒரு வீடு மட்டும் இதில் சேரவில்லை. பதினெட்டாம் எண், மாடி வீடு, தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற வரதராஜுலுவுடையது. தெருவில் ஏசி இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அவர் ஹாலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள், அவரும் வந்தவரை உட்காரவைத்து அந்தக் காலத்துத் தாசில்தார்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். இந்த மே மாதம் ஒருவரும் வரவில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டு, ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தார்.

தெரு இப்படி இருந்தது. பெட்டியின் நிலைமை வேறு.

ஹெப்சிபாவின் திரையில், மேல் மூலையில், பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று பச்சையில் ஓர் எண் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் எழுபதில் நிற்கும். இப்போது ஆட்டம் தொடங்கிய பத்தாம் நிமிடமே தொண்ணூற்று நாலு, எண்ணின் நிறம் சிவப்பு. பெட்டிக்குள் இரண்டு விசிறிகளும் வானூர்தி கிளம்புவது போல இரைந்தன. தொண்ணூற்றெட்டுக்கு மேல் போனால் திரை விக்கும். எதிராளி ஓர் இடத்தில் நிற்பதாகத் தெரியும், சுட்டால் அங்கே இருக்கமாட்டான். நூறைத் தொட்டால் பெட்டி தானே அணைந்துவிடும். மாநிலப் போட்டியின் அரையிறுதியில், கடைசிச் சுற்றில், நாலு பெண்களும் கேப்டனின் உத்தரவுக்காக ஒரு சுவரின் பின்னால் குனிந்து காத்திருந்தபோது, அது அணைந்தது.

மறுபடி உயிர் வர நாலு நிமிடம் ஆயிற்று. அதற்குள் குடியாத்தத்து அர்ஷியா தன் இஷ்டத்துக்கு முன்னே பாய்ந்து, மூன்று பேரைச் சுட்டு வீழ்த்தி, எப்படியோ அந்தச் சுற்றைக் காப்பாற்றியிருந்தாள்.

"இந்த வாட்டி தப்பிச்சோம்க்கா," என்றாள் அர்ஷியா, மூச்சு வாங்க. "ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம், அஞ்சு மணி நேரம். அந்தச் சென்னைப் பொண்ணுங்க நாலு நிமிஷம் சும்மா நிக்கமாட்டாங்க. ஜெயிச்சா தேசியப் போட்டிக்கு நாக்பூர், தோத்தா வீடு. உன் பொட்டி தாங்குமா தாங்காதா, நேரா சொல்லு."

"தாங்கும்," என்றாள் ஹெப்சிபா. தாங்குமா என்று அவளுக்குத் தெரியாது. தாங்கவைப்பது என்று மட்டும் அந்த நிமிடத்தில் முடிவு செய்துகொண்டாள்.

முதலில் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடியில் காற்றுப் போக நாலு செங்கல் வைத்து உயர்த்தினாள். பிறகு சல்லடையைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஒரு கைப்பிடி தூசு வந்தது. பிறகு பக்கத்து மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை எதிரே வைத்தாள். மூளைச் சில்லின் மேல் காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவினாள். ஒவ்வொரு முறையும் பெட்டிக்கு மூச்சு இன்னும் நன்றாக வந்தது, மூச்சு வந்ததும் அது வெயிலை இன்னும் அதிகமாகக் குடித்தது, எண் பழையபடி தொண்ணூற்றாறுக்கு வந்து நின்றது. தெரு மட்டும் மேலும் மேலும் குளிர்ந்து, டியூஷன் டீச்சர் சால்வை போர்த்திக்கொண்டு பாடம் நடத்தினார்.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நிஸாரை வீட்டுக்கே கூட்டிவந்தாள். நாற்பது வயசுக்காரர், அதிகம் பேசமாட்டார். மூடியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து முன்பக்க விசிறிக்கு எதிரே காட்டினார், டிக்கெட் சல்லடையில் ஒட்டிக்கொண்டது. பின்பக்க விசிறிக்கு எதிரே காட்டினார், அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

"ஹெப்சிம்மா, ரெண்டு ஃபேனும் உள்ளதான் இழுக்குது. வெளிய தள்ள ஒண்ணுகூட இல்ல. பெங்களூர்ல எவனோ மாத்தி மாட்டியிருக்கான். இழுத்த சூடெல்லாம் எங்க போவும்? உள்ளயேதான் கீது."

"பின்னாடி இருக்கிறதைத் திருப்பி மாட்டினா?"

"வெளிய வரும்," என்றார் நிஸார். "நாலு திருகு, பத்து நிமிஷ வேலை. ஆனா இத்தினி நாளா உள்ள போனது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

பின் விசிறியைத் திருப்பி மாட்டி ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பெட்டியைப் போட்டார். பெட்டிக்குப் பின்னால் உச்சிவெயில் வெளியே வந்தது. மஞ்சளாக, கெட்டியாக, ஒரு முழ அகலத்துக்கு வந்து சுவரில் விழுந்தது. சுண்ணாம்பு கொப்பளித்தது, ஆணியில் மாட்டியிருந்த காலண்டரின் மே மாதம் சுருண்டது, ஜன்னல் மேடையில் ரோஸ்லின் ஊறுகாய்க்கு வைத்திருந்த மாங்காய்கள் ஏழும் பழுத்து வாசனை அடித்தன. நிஸார் அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பத்து நாள் வெயில் இருக்கும்மா உள்ள," என்றார். "இதை எங்கயாச்சும் இறக்கி வெச்சாத்தான் பொட்டி ஆறும். ஞாயித்துக்கிழமை ஃபேன் வெளியே தள்ற மாதிரிதான் இருக்கணும். அப்படி இருந்தா தெருவுக்குக் குளிர்ச்சி கிடையாது. நீயே முடிவு பண்ணிக்க."

சேதி அவர் செருப்பை மாட்டுவதற்குள் தெருவுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பதினேழாம் எண் வாசலில் முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் நின்றார்கள், பதினெட்டாம் எண்ணின் மாடி ஜன்னல் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருத்தர் ஆட்டத்தை வேறு எங்காவது போய் ஆடக்கூடாதா என்றார், இன்னொருத்தர் அப்படியானால் பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். மேலே ஜன்னலிலிருந்து வரதராஜுலு, "தெருவுக்கு மொத்தமாப் பயன்படுற பொருள் தனி ஆளுக்குச் சொந்தமாகாது, ரூல் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பூக்காரம்மா ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு விளையாட்டும்மா. ஜெயிச்சாலும் தோத்தாலும் விளையாட்டுதானே. கோமளா புள்ளையைப் பாரு, இந்தப் பத்து நாளாத்தான் பாலே ஒழுங்காக் குடிக்குது."

ஹெப்சிபா கோமளாவைப் பார்த்தாள். கோமளா குழந்தையின் தலையை மாரோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அது ஹெப்சிபாவுக்கு உள்ளே எங்கோ குத்தியது. ஆனாலும் அவள் கேப்டன். குழம்பி நின்றால் நாலு பேர் விழுவார்கள் என்று தெரிந்தவள். படியில் ஒரு படி மேலே ஏறி நின்றாள்.

"இந்தக் குளிர்ச்சியை நான் குடுக்கல, பொட்டியும் குடுக்கல," என்றாள். "உங்க வெயிலை உங்ககிட்டேர்ந்து வாங்கி உள்ள வெச்சிருக்குது, அவ்வளவுதான். இப்ப அதுக்கு மூச்சு முட்டுது. நாளைக்குப் பதினொண்ணுலேர்ந்து நாலு வரைக்கும், அஞ்சு மணி நேரம், எனக்கு வேணும். அந்த அஞ்சு மணி நேரம் உங்க வெயிலை நீங்க வெச்சுக்குங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நானே திருப்பி மாட்டுறேன், இது என் வாக்கு. விளையாட்டுதான், நான் மறுக்கல. ஆனா அதுல நான் நல்லா ஆடுவேன். நல்லா செய்யத் தெரிஞ்ச ஒண்ணை நான் விடமாட்டேன்."

முனிரத்தினம் தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"உள்ள இருக்கிறதுல என் பங்கு எவ்வளவு பாப்பா?"

"மொத்தத்துல முப்பத்தெட்டுல ஒண்ணு, அண்ணே."

"குடு. பத்து நாளா இஸ்திரி ஆறிப்போயி என் பொழப்பும்தான் ஆறிப்போச்சு. என் வெயிலை எனக்குக் குடு."

அன்று மாலை ஐந்து மணிக்குப் பங்கீடு நடந்தது. வரிசையை ரோஸ்லின் கட்டுப்படுத்தினாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரித் துணிகளை வார்டு வார்டாகப் பிரித்துக் கொடுத்தவளுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆளுக்கொரு மூடி உள்ள பாத்திரம், மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், இடிக்கக் கூடாது, திரும்பி வரக் கூடாது. குக்கர் வந்தது, தூக்குச்சட்டி வந்தது, கல்யாணச் சீராக வந்து ஒரு நாளும் திறக்காத ஹாட்பாக்ஸ் வந்தது. ஹெப்சிபா பெட்டியைப் போட்டுப் போட்டு அணைக்க, பின்னால் வழிந்த வெயிலை ரோஸ்லின் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரே அளவாகப் பிடித்து மூடிக் கொடுத்தாள். மூடியின் ஓரமெல்லாம் மஞ்சள் வெளிச்சம் கசிந்தது.

எல்லாரும் அவரவர் பங்கை அவரவர் வழியில் செலவழித்தார்கள். முனிரத்தினம் இஸ்திரிப்பெட்டியில் கரிக்குப் பதிலாகக் கொட்டி நூற்று இருபது துணிகளைத் தேய்த்தார். ஒரு வீட்டில் கூழ் வடகம் முழுக்க அரை மணியில் காய்ந்தது. டியூஷன் டீச்சர் மழைக்காலத்திலிருந்து ஓதம் ஏறிக் கிடந்த குளியலறைச் சுவருக்குக் கொடுத்தார். மளிகைக்கடைக்காரர் மட்டும் தன் பங்கைத் திறக்காமல் பரணில் ஏற்றினார், மார்கழிக்கு ஆகும் என்று. குறைமாதக் குழந்தை இருக்கிற வீடு என்று ரோஸ்லின் கோமளாவை விட்டுவிடப் பார்த்தாள். அவளோ ஒரு சின்ன டிபன் பாக்ஸோடு வரிசையில் வந்து நின்றாள்.

"நானும் இந்தத் தெருதான் ஆன்ட்டி. என் பங்கை வேற யாரு எடுப்பாங்க? கொஞ்சமா ஊத்துங்க, புள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணி காய வெச்சுக்கிறேன்."

முப்பத்தேழு பங்கு போய்விட்டது. பதினெட்டாம் எண் வரவில்லை. ரோஸ்லின் மாடி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்ததற்கு, "எனக்கு ஏசி இருக்கு, உங்க வெயிலோட எனக்குச் சம்பந்தம் இல்ல" என்று பதில் வந்தது. அவர் பங்கு பெட்டிக்குள்ளேயே தங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு டிகிரி. பதினோரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தெரு தன் வெயிலில் தானே நின்றது. ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு சிலர் ஜன்னல் ஓரம் கூடியிருந்தார்கள், மற்றவர்கள் செல்போனில் பார்த்தார்கள், ஓலை விசிறியும் அட்டையும் படபடத்தன, ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. கோமளா குழந்தையை ஈரப் பருத்தித் துணியில் படுக்கவைத்து விசிறிக்கொண்டே இருந்தாள், அது அழுதது, தூங்கியது, மறுபடி அழுதது. பெட்டியின் எண் அறுபத்தெட்டு, பச்சை. முதல் ஆட்டம் அகழிக்கு. இரண்டாவது சென்னைக்கு. மூன்றாவதும் சென்னைக்கு. நாலாவதை அர்ஷியாவும் ஹெப்சிபாவும் மட்டும் மிஞ்சி நின்று ஐந்து பேரை வென்று பிடித்தபோது தெருவில் எழுந்த சத்தத்தில் நாய்கள் ஓடின.

ஐந்தாவது ஆட்டம் தொடங்கும்போது மணி இரண்டே முக்கால். எண் ஏற ஆரம்பித்தது. எண்பது. எண்பத்தெட்டு. தொண்ணூற்று மூன்று. ஜன்னலில் நின்ற முனிரத்தினம்தான் கவனித்தார்: இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில், பதினெட்டாம் எண்ணின் ஏசி வெளிப்பெட்டி இந்த ஜன்னலைப் பார்த்துத்தான் மாட்டியிருந்தது. மதிய வெயில் ஏற ஏற, உள்ளே பதினெட்டு டிகிரி ஆக்குவதற்காக அது வெளியே கக்கிய அனல் முழுக்க நேராக ஜன்னல் வழியே வந்து பெட்டியின் முன் விசிறிக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஏற்கெனவே கிடந்த முப்பத்தெட்டாம் பங்கோடு அது சேர்ந்துகொண்டது.

"தொண்ணூத்தஞ்சு, அத்தை," என்றாள் ஹெப்சிபா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவ்வளவுதான் சொன்னாள்.

ரோஸ்லின் படியிறங்கிப் போய்ப் பதினெட்டாம் எண் கதவைத் தட்டினாள். கதவு திறந்ததும் குளிர் அவள் முகத்தில் அடித்தது. வரதராஜுலு பனியனோடு நின்றார். அவருக்குப் பின்னால் டிவியில் அதே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சார், முப்பது வருஷம் ஆபீசுல உக்காந்து எத்தினி குடும்பத்துக்குப் பாகம் பிரிச்சுக் குடுத்திருப்பீங்க. ஒருத்தன் பங்கை வாங்கிக்கலைன்னா அந்தப் பங்கு யார் தலையில விடியும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் பனியனைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

"என் மருமவ தலையில விடியுது சார். இப்ப. தொண்ணூத்தஞ்சுல நிக்குது."

"என் பங்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் வரதராஜுலு.

"எல்லாருக்கும் போலத்தான். முப்பத்தெட்டுல ஒண்ணு."

"தப்பு," என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. "என் வீடு ரெண்டு மாடி. மேல் வெயில் பூரா என் மொட்டை மாடியிலதான் விழுது. எனக்கு ரெண்டு பங்கு வரணும். ஒண்ணைப் போட்டு என்னைச் சின்ன வீட்டுக்காரனாக்கிட்டீங்களா?"

உள்ளே போய் ஏசியை அணைத்தார். சமையலறையில் ஏதோ உருண்ட சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் ஒரு பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு, பனியனோடு, செருப்பில்லாமல், ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக நடு மே மாதத்துப் பகலில் தெருவில் இறங்கினார். கூட்டம் வழி விட்டது. பதினேழாம் எண் முன்னறையில் மேசைக்கு அடியில் முட்டி போட்டு நுழைந்து, அண்டாவைப் பெட்டியின் பின்பக்கம் பிடித்தார். வெயில் அதற்குள் சடசடவென்று விழுந்தது. வேர்வை கண்ணில் இறங்க, திரை மூலையிலிருந்த எண்ணை அண்ணாந்து பார்த்து, ஆபீசில் பெயர் கூப்பிடும் குரலில் படிக்க ஆரம்பித்தார்:

"தொண்ணூத்தெட்டு... தொண்ணூத்தேழு... நீ ஆடும்மா, நான் பாத்துக்கறேன்... தொண்ணூத்தொண்ணு... எண்பத்தாறு..."

"அர்ஷியா, இடது பக்கம் போ. மத்தவங்க அசையாதீங்க," என்றாள் ஹெப்சிபா. "இப்ப."

மூன்று மணி ஐம்பத்திரண்டுக்கு அகழி ஜெயித்தது. ஹெட்போனுக்குள் நாலு ஊரும் கத்தின, ஜன்னலுக்கு வெளியே முப்பத்தேழு வீடும் கத்தின. ஹெப்சிபா மவுசிலிருந்து கையை எடுத்து, ஹெட்போனைக் கழற்றினாள். பிறகு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். வரதராஜுலு அண்டாவை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அறுபத்தேழு," என்றார் அவர்.

சொன்னபடி திங்கட்கிழமை அவள் விசிறியைத் திருப்பி மாட்டினாள். அதன் பிறகு அது தெருவின் வழக்கமாகிவிட்டது: மாலையில் பெட்டி குடிக்கும், விடிந்ததும் ஆறரை மணிக்கு விசிறியைத் திருப்பி, அவரவர் பங்கை அவரவர் வாங்கிப் போவார்கள், வடகத்துக்கும் இஸ்திரிக்கும் குளியல் தண்ணீருக்கும். முறை யாருடையது என்று எழுதி வைக்கும் வேலையை வரதராஜுலு எடுத்துக்கொண்டார், மாடி வீட்டுக்கு இரண்டு பங்கு என்பதில் மட்டும் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கோமளாவின் குழந்தைக்கு வேர்க்குரு போய், கன்னத்தில் சதை வந்தது.

மே இருபத்தேழாம் தேதி அகழியின் ஐந்து பெண்களும் நாக்பூரில் இறங்கினார்கள். அங்கே நாற்பத்தாறு டிகிரி. அவரவர் பெட்டியை அவரவரே கொண்டுவந்து ஆடவேண்டும் என்பது போட்டியின் விதி, அதனால் அந்தப் பெரிய மண்டபத்தில் இந்தியாவின் எல்லா ஊர்ப் பெட்டிகளும் வரிசையாக மேசைகளில் இருந்து மூச்சிரைத்தன. கூலர்கள் ஓடின, பனிக்கட்டி வைத்தார்கள், மூடிகளைக் கழற்றி வைத்தார்கள். பயிற்சி ஆட்டத்திலேயே ஆறு பெட்டிகள் அணைந்துவிட்டன. ஹெப்சிபாவின் எண் மட்டும் அறுபத்தாறில் நின்றது.

அடுத்த மேசைப் பெண் ஜெய்சால்மரிலிருந்து வந்திருந்தாள், தங்கள் அணிக்கு அவளும் கேப்டன். வேர்த்த முகத்தோடு வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாதி இந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் கேட்டாள்:

"இவ்வளவு சின்னப் பெட்டியில் சூட்டை என்ன செய்கிறாய்?"

"எங்கள் தெருவில் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள்," என்றாள் ஹெப்சிபா, அதே பாதிப் பாதி மொழியில்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்; காற்று உள்ளேதான் போனது. கொஞ்சம் யோசித்தாள்.

"எத்தனை வீடு?"

"முப்பத்தெட்டு."

"எங்கள் தெருவில் நூற்றுப்பத்து," என்றாள் அவள், பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு. "உன்னிடம் திருப்புளி இருக்கிறதா?"

ஹெப்சிபா எடுத்துக் கொடுத்தாள்.